சம்பளம் இருக்கிறது, 'போனிட்டேட்' இல்லையாம்: ஸ்டுட்கார்ட்டுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன், தப்பென்றால் திருத்துங்கள். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது, இப்போதைக்கு ஒரு ஃபர்னிஷ்டு அறையில் இருக்கிறீர்கள், வீடு தேடினால் போகிற இடமெல்லாம் "போனிட்டேட்" சான்று கேட்கிறார்கள். கையில் 10,000 யூரோ, நல்ல சம்பளம், ஊரில் சிபில் ஸ்கோர் 800-க்கு மேல். இவ்வளவும் இருந்தும் ஒரு வீட்டுக்காரர் "உங்கள் போனிட்டேட் எப்படி என்று எனக்குத் தெரியவில்லை" என்று எழுதிவிட்டார். என்னிடம் பணம் இல்லை என்கிறாரா, நான் யோக்கியன் இல்லை என்கிறாரா என்று கேட்டிருக்கிறீர்கள். சீக்கிரம் இதை உண்டாக்க ரெண்டு கிரெடிட் கார்டு வாங்கட்டுமா என்றும், கூட வேலை பார்க்கும் ஒருவர் அவருக்காக உங்கள் பெயரில் போன் கனெக்‌ஷன் எடுத்துத் தரச் சொல்கிறார், எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அவர் உங்களைத் திட்டவில்லை. முதலில் அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இந்த ஊர் வங்கிக்காரர்கள் போனிட்டேட் என்ற சொல்லை விளக்கும்போது அதை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒன்று, கொடுக்க வக்கு இருக்கிறதா. இன்னொன்று, கொடுக்க மனசு இருக்கிறதா. வக்கு இருந்தும் இழுத்தடிக்கிற ஆளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம், அவருக்குப் போனிட்டேட் கிடையாது. தேதி தவறாமல் கொடுக்கத் துடிக்கிறார், ஆனால் வருமானமே இல்லை என்றால் அவருக்கும் கிடையாது. நம் பேச்சில் வரும் நாணயம் என்பது பெரும்பாலும் இதில் பின்பாதியைத்தான் சொல்லும், கையில் சல்லிக்காசு இல்லாதவரையும் நாணயமான மனிதர் என்போம். இங்கே அப்படிச் சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும், அதுவும் உங்களை நேரில் பார்த்தே இராத ஒருவர் காகிதத்தை வைத்துத் தெரிந்துகொள்கிற மாதிரி இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் சொன்னதன் பொருள் அவ்வளவுதான். வக்கு உங்கள் சம்பளச் சீட்டில் தெரிகிறது, மனசைக் காட்டும் காகிதம் இன்னும் இல்லை.

சொல் லத்தீனிலிருந்து வந்தது, நல்ல தன்மை என்பதுதான் அடிப்படை. காட்டு இலாகாவில் ஒரு நிலத்தில் மரம் எவ்வளவு நன்றாக வளரும் என்று தரம் பிரிப்பதற்கும் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள், முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. செய்தியில் ஜெர்மனியின் போனிட்டேட் மூன்று ஏ என்று சொன்னால், அது இந்த நாட்டு அரசாங்கம் வாங்கின கடனைத் திருப்பிக் கொடுக்கும் என்பதற்கு மதிப்பீட்டு நிறுவனங்கள் கொடுக்கும் தரம். ஆக மனிதர், கம்பெனி, நாடு மூன்றுக்கும் ஒரே சொல்தான்.

அன்றாடத்தில் நீங்கள் இதை அதிகம் பார்க்கப் போவது விளம்பரங்களில். கார் லீசிங், போன் தவணை, சமையலறை தவணை எதுவானாலும் கொட்டை எழுத்தில் ஒரு வட்டி விகிதம், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, கீழே எறும்பு சைஸில் "போனிட்டேட் ஃபோராவுஸ்கெஸெட்ஸ்ட்" என்று இருக்கும். போனிட்டேட் இருந்தால் மட்டும் என்று அர்த்தம். கடன் விளம்பரத்தில் "போனிட்டேட்ஸ்ஆப்ஹெங்கிக்" என்று வரும், அதாவது உங்கள் நிலைமையைப் பார்த்துத்தான் வட்டி. "ஆப்" என்று தொடங்கும் வட்டியை, அதாவது "இதிலிருந்து ஆரம்பம்" என்று போட்டிருப்பதை, உங்களுக்குக் கிடைக்கப்போகிற வட்டி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சட்டப்படி அதே விளம்பரத்தில் ஒரு மாதிரிக் கணக்கும் போட வேண்டும், வாடிக்கையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்காவது அந்த வட்டியோ அதைவிடக் குறைவோ கிடைக்கும் என்று எதிர்பார்க்கத்தக்க கணக்காக அது இருக்க வேண்டும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தச் சின்ன எழுத்தைப் படித்தால் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் போகலாம். இன்னொரு சொல்லையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: மாணவர்கள் விசாவுக்காகப் பணம் கட்டி முடக்கி வைக்கும் கணக்கான ஷ்பெர்கோன்டோ, வருடத்துக்கு 11,904 யூரோ, அது செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதற்கான ஆதாரம். அதைக் கொண்டுபோய்க் காட்டிப் போனிட்டேட் இருக்கிறது என்று சொல்கிற பையன்கள் இருக்கிறார்கள், வீட்டுக்காரருக்கு அது பாதிப் பதில்தான்.

சரி, அந்த மனசை அளக்கிறது யார்? பல நிறுவனங்கள் இருக்கின்றன, ஆனால் எல்லார் வாயிலும் வருவது ஷூஃபா. வீஸ்பாடனில் தலைமையகம், அரசு அலுவலகம் கிடையாது, தனியார் கம்பெனி. இந்த நாட்டில் சுமார் 6.8 கோடிப் பேரைப் பற்றி அவர்களிடம் தகவல் இருக்கிறது. 1927-இல் பெர்லினில் ஆரம்பித்த கதை சுவாரசியமானது. அங்கே மின்சாரக் கம்பெனி கரண்ட் அடுப்பு மாதிரியான சாமான்களைத் தவணையில் கொடுத்துக்கொண்டிருந்தது, யாருக்குக் கொடுப்பது என்று எப்படி முடிவு செய்தார்கள் என்றால், கரண்ட் பில்லை ஒழுங்காகக் கட்டுகிறவருக்குக் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலை மற்ற கடைக்காரர்களும் பார்க்கலாம் என்று விரித்ததுதான் இன்றைய ஷூஃபா. ஊரில் அண்ணாச்சி கடையில் இருக்கும் பற்று நோட்டு மாதிரிதான், ஆனால் அந்த நோட்டை ஊரில் உள்ள எல்லாக் கடைக்காரரும் புரட்டிப் பார்க்கலாம், அண்ணாச்சிக்கு உங்கள் அப்பாவைத் தெரியும் என்பது மட்டும் அதில் இராது.

உங்கள் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், முகவரிகள், வங்கிக் கணக்கு எப்போது திறந்தீர்கள், கிரெடிட் கார்டு, தவணைக் கடன், போன் ஒப்பந்தம், யாருக்காவது ஜாமீன் போட்டிருந்தால் அது, கட்டாமல் விட்ட பாக்கி, யார் யார் உங்களைப் பற்றி விசாரித்தார்கள் என்பது, இவைதான் அதில் இருக்கும். உங்கள் சம்பளம் இருக்காது, சேமிப்பு இருக்காது, என்ன வேலை, எந்த நாட்டுக் குடிமகன், என்ன மதம் எதுவும் இருக்காது. நிறைய பேர் "நம்ம வெளிநாட்டுக்காரங்க, அதனாலதான் ஸ்கோர் கம்மி" என்கிறார்கள், அது அப்படி இல்லை. பெயரைப் பார்த்ததுமே மெயிலுக்குப் பதில் போடாத வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன், ஆனால் அது வேறு வியாதி, அதைப் போனிட்டேட் தலையில் கட்டாதீர்கள்.

அதே மாதிரி, உங்கள் பெருமையான விஷயங்களும் அங்கே போய்ச் சேராது. சிபில் ஸ்கோர் இந்திய எல்லையோடு நின்றுவிடும், 300 முதல் 900 வரையுள்ள அந்த எண்ணை இங்கே யாரும் பார்க்க மாட்டார்கள், வேண்டுமானால் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பலன் எதிர்பார்க்காதீர்கள். ஹம், டோர்ட்முண்ட் பக்கம் ஈழத்து அக்காமார் வருஷக்கணக்கில் சீட்டு கட்டி ஒரு மாதம்கூடத் தவறாமல் நகர்த்தியிருப்பார்கள், கைநாட்டுகூட இல்லாமல் ஆயிரக்கணக்கில் கை மாறியிருக்கும், ஷூஃபாவுக்கு அதில் ஒரு வரி தெரியாது.

ஷூஃபா ஒரு மதிப்பெண் கொடுக்கும். பல வருடம் அது சதவீதமாக இருந்தது, உள்ளே என்ன கணக்கு என்று சொல்ல மாட்டார்கள், வியாபார ரகசியம் என்பார்கள். 2023 டிசம்பர் 7-ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம், வங்கிகள் முடிவெடுப்பதில் அந்த எண்ணையே பெரிதும் நம்புகின்றன என்றால் எண் போடுவதே இயந்திரம் தானாக எடுக்கும் முடிவுதான், அதற்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கட்டுப்பாடு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அப்புறம்தான் அவர்களே 100 முதல் 999 வரை புள்ளி, 12 அளவுகோல், கூட்டிப் பார்த்து நாமே சரிபார்க்கலாம் என்று ஒரு புது முறையை அறிவித்தார்கள். அதில் உங்களுக்கு முக்கியமானவை சிலது: உங்கள் கணக்குகளிலேயே மிகப் பழைய வங்கிக் கணக்குக்கு எத்தனை வயது, இப்போதைய முகவரிக்கு எத்தனை வயது, கடந்த 12 மாதத்தில் எத்தனை இடத்தில் கணக்குக்கும் கார்டுக்கும் விண்ணப்பித்தீர்கள், கட்டாமல் விட்டது ஏதாவது உண்டா. முதல் இரண்டும் வெறும் காலம். இரண்டு மாதத்தில் வந்த ஆளுக்கு அதில் குறையத்தான் செய்யும், உங்கள் மேல் குற்றம் எதுவும் இல்லை, அதைக் காசு கொடுத்து வாங்கவும் முடியாது.

இதிலேயே கிரெடிட் கார்டு கேள்விக்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் உங்கள் சித்தப்பா பையன் சொல்லியிருப்பார், கடன் வாங்கித் திருப்பினால்தான் ஸ்கோர் வரும், நாலைந்து கார்டு வைத்துக்கொள் என்று. அது அந்த ஊர்ப் பழக்கம். இங்கே கடனே வாங்காமல் நல்ல போனிட்டேட்டோடு இருக்கிறவர்கள் ஏராளம். ஒரு கிரோ கணக்கு, அதாவது அன்றாட வரவு செலவுக் கணக்கு, சம்பளம் அதில் விழுகிறது, வாடகையும் கரண்டும் அதிலிருந்து போகிறது, ஒரு போன் ஒப்பந்தம், போதும். ஒரே மாதத்தில் மூன்று கார்டுக்கு விண்ணப்பம் போடுவது, போனஸ் 50 யூரோ தருகிறார்கள் என்று கணக்கை மாற்றிக்கொண்டே இருப்பது, இதெல்லாம் உங்களைப் பணத்துக்கு அல்லாடுகிற ஆளாகக் காட்டும். முதலில் திறந்த கணக்கை மூடாதீர்கள், அது எவ்வளவு பழசாகிறதோ அவ்வளவு நல்லது. ஒருவேளை வங்கி கணக்கே தரமாட்டேன் என்றால், 2016 ஜூன் முதல் அடிப்படைக் கணக்கு, பேசிஸ்கோன்டோ என்பார்கள், அது சட்டப்படி உங்கள் உரிமை, அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

இப்போது வீட்டுக்கு வருவோம், அதுதானே அவசரம்.

வீட்டுக்காரர் கேட்கிற ஃபோல்டரை அந்த வக்கு, மனசு என்று பிரித்துப் பார்த்தால் எதை வைப்பது என்று தெளிவாகிவிடும். வக்குக்கு: வேலை ஒப்பந்தம், வந்தவரைக்குமான சம்பளச் சீட்டுகள். மூன்று கேட்பார்கள், உங்களிடம் இரண்டுதான் இருக்கும், பரவாயில்லை, ஒப்பந்தத்தில் காலவரையற்றது என்று இருந்தால் அந்த வரியை மெயிலிலேயே சொல்லுங்கள். ஆறு மாத புரோபெட்சைட், அதாவது வேலையின் சோதனைக் காலம், ஓடிக்கொண்டிருக்கும், அதுதான் அவர்களை உறுத்தும். கம்பெனி எச்ஆரிடம் ஒரு சிறு கடிதம் கேளுங்கள், இன்ன வேலை, இன்ன தேதியிலிருந்து, காலவரையற்ற ஒப்பந்தம் என்று மூன்று வரி போதும். பெரிய கம்பெனிகள் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுத்தால் இதைக் கேட்டதும் கொடுத்துவிடுவார்கள்.

மனசுக்கு: ஷூஃபாவின் போனிட்டேட்ஸ்ஆவுஸ்குன்ஃப்ட், அதாவது வீட்டுக்காரருக்குக் கொடுப்பதற்கென்றே தயாரிக்கும் தாள். ஏறக்குறைய 30 யூரோ ஆகும். அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, முடிந்து, வங்கிக் கணக்கு திறந்து சில வாரம் ஆன பிறகு எடுங்கள், அதற்கு முன்னால் எடுத்தால் அவர்களுக்கே உங்களைத் தெரியாது. தாளில் பெரிதாக ஒன்றும் இராது, ஆனால் எதிர்மறையாக எதுவும் இல்லை என்பதுதான் வீட்டுக்காரருக்கு வேண்டும். புதிதாக வந்தவர் வெறும் தாள், கெட்ட தாள் இல்லை. இதை நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிட வேண்டும். உங்கள் மெயிலில் நான் பார்த்த குறை இதுதான், "எனக்கு ஷூஃபா இல்லை" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், ஜெர்மன்காரர் காதில் அது ஏதோ பழைய வில்லங்கம் இருக்கிற மாதிரி விழும். "இன்ன மாதம்தான் ஜெர்மனிக்கு வந்தேன், அதனால் பதிவுகள் இப்போதுதான் தொடங்கியிருக்கின்றன, எதிர்மறைப் பதிவு எதுவும் இல்லை, தாளை இணைத்திருக்கிறேன்" என்று எழுதிப் பாருங்கள்.

கூடவே இப்போது இருக்கும் அறையின் உரிமையாளரிடம் வாடகை பாக்கி இல்லை என்று ஒரு கடிதம் கேளுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் இல்லை, மறுத்தால் சண்டை போடாதீர்கள், இரண்டு மாத வாடகை போன வங்கிப் பட்டியலே போதும், மற்ற வரிகளைக் கருப்பாக அடித்துவிட்டுக் கொடுங்கள். கௌட்சியோன் என்கிற முன்பணம் சட்டப்படி மூன்று மாத கால்ட்மீட்டேக்கு, அதாவது ஹீட்டிங் மாதிரியான செலவுகள் சேராத வாடகைக்கு, மேல் கேட்கக்கூடாது. 900 யூரோ கால்ட்மீட்டே என்றால் 2,700, அதையும் மூன்று சம தவணையில் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் உங்களிடம் 10,000 இருக்கிறது, மொத்தமாகவே கட்டத் தயார் என்று சொன்னால் அது நல்ல சைகை. ஆறு மாத வாடகையை முன்கூட்டியே தருகிறேன் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். நம் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் பழகிப்போய் நம்மவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள், இங்கே அது சந்தேகத்தைக் கிளப்பும்.

வீட்டை நேரில் பார்ப்பதற்கு முன்னாலேயே போனிட்டேட் தாளையும் பணத்தையும் அனுப்பச் சொன்னால் அது மோசடி, யோசிக்கவே வேண்டாம். நியாயமான வீட்டுக்காரரும்கூட, உங்களைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் போனிட்டேட் கேட்கலாம் என்பது தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சொல்லும் முறை, ஆனால் ஸ்டுட்கார்ட்டில் ஒரு வீட்டுக்கு மாடிப்படி வரை வரிசை நிற்கும்போது யார் அதைப் பேசிக்கொண்டிருப்பது, ஃபோல்டரோடு போகிறவருக்குத்தான் வீடு.

அடுத்தது நீங்கள் கேட்காத விஷயம், ஆனால் நான் இங்கே புதிதாக வரும் பிள்ளைகளின் கடிதங்களைப் படித்துச் சொல்லிச் சொல்லிப் பார்த்த வரையில், போனிட்டேட் கெடுவது பணம் இல்லாததால் குறைவு, தபாலைப் பிரிக்காததால் அதிகம். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் ஜிம்மில் சேர்ந்தான், வேறு ஊரில் வேலை கிடைத்ததும் போய்விட்டான், ஜிம்முக்குப் போகாவிட்டால் ஒப்பந்தம் தானாக முடிந்துவிடும் என்று நினைத்தான். பழைய முகவரிக்கு மானுங், அதாவது பாக்கி நினைவூட்டல், வந்தது, இன்னொன்று வந்தது, அப்புறம் பாக்கி வசூலிக்கும் இன்காசோ கம்பெனியின் கட்டணத்தோடு வந்தது, கடைசியில் மஞ்சள் உறை வந்தது. அவன் வங்கிக் கணக்கில் அந்தப் பணத்தைப்போல் ஐம்பது மடங்கு தூங்கிக்கொண்டிருந்தது.

அந்த மஞ்சள் உறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரணத் தபால் வெள்ளை, இது மங்கிய மஞ்சள், முன்பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் தபால்காரர் பேனாவால் தேதி எழுதிக் கையெழுத்து வைத்திருப்பார். நீங்கள் வீட்டில் இல்லையென்றால் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார், பெட்டியில் போட்ட அன்றே உங்கள் கையில் கொடுத்ததாகச் சட்டத்தில் கணக்கு. உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அந்தத் தேதிதான் முக்கியம். உள்ளே இருப்பது மான்பெஷைட், அதாவது பாக்கியைக் கட்டச் சொல்லும் கோர்ட் கடிதம், என்றால் அந்தத் தேதியிலிருந்து இரண்டு வாரம்தான் அவகாசம். பாக்கி கேட்கிறவர் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அதற்கான கோர்ட்டிலிருந்து வரும், நம் மாநிலத்துக்காரர் என்றால் ஸ்டுட்கார்ட் கோர்ட்டிலிருந்து. கோர்ட் முத்திரையைப் பார்த்துவிட்டு நீதிபதி நம் மேல் தப்பு என்று சொல்லிவிட்டார் என்று பயப்படுவார்கள், அப்படி இல்லை, பாக்கி உண்மையா பொய்யா என்று கோர்ட் அந்தக் கட்டத்தில் பார்ப்பதே இல்லை. தப்பான பாக்கி என்றால் கூடவே இணைத்திருக்கும் படிவத்தில் மறுப்பைக் குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். உண்மையான பாக்கி என்றால் அன்றே கட்ட வேண்டும். இரண்டும் செய்யாமல் மேசையில் வைத்தால்தான் வினை.

ஏனென்றால் ஒரு பாக்கியை யாரும் நினைத்த மாத்திரத்தில் ஷூஃபாவில் பதிந்துவிட முடியாது. தேதி தாண்டிய பிறகு எழுத்தில் இரண்டு நினைவூட்டல் போயிருக்க வேண்டும், முதலாவது போய்க் குறைந்தது 4 வாரம் ஆகியிருக்க வேண்டும், பதியப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும், நீங்கள் அந்தப் பாக்கியை மறுக்காமல் இருந்திருக்க வேண்டும். கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். பில் தப்பு என்று தோன்றினால் போனில் கத்திவிட்டு வைப்பது எதற்கும் உதவாது, "இந்தத் தொகையை நான் ஏற்கவில்லை, காரணம் இது" என்று எழுத்தில் அனுப்பினால் அவர்கள் கை கட்டப்படும். கோர்ட் உத்தரவு உறுதியாகிவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும், மஞ்சள் உறைக்கு நான் இவ்வளவு பயமுறுத்துவது அதனால்தான். ஒரு தடவை பதிந்துவிட்டால், பணத்தைக் கட்டிய பிறகும் பொதுவாக 3 வருடம் நிற்கும். 2025 ஜனவரியிலிருந்து கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கிறார்கள், பதிவான 100 நாளுக்குள் கட்டிவிட்டு, வேறு கறை எதுவும் வராமல் இருந்தால் 18 மாதம்.

புதிதாக வருகிறவர்கள் தூக்கிப்போடும் இன்னொரு கடிதம் ரேடியோ, டிவி கட்டணம், மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08. என்னிடம் டிவியே இல்லை என்பது செல்லாது, அது வீட்டுக்கு ஒன்று. அன்மெல்டுங் செய்த கொஞ்ச நாளில் தானாகக் கடிதம் வரும். ஒரே வீட்டில் நாலு பேர் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுத வேண்டும். அதைக் கட்டாததால் நேராக ஷூஃபாவுக்குப் போகாது, ஆனால் ஜப்தி வரை இழுத்து, கடனாளிகள் பட்டியலில் பெயர் ஏறினால் அந்தப் பட்டியலிலிருந்து ஷூஃபாவுக்குப் போய்விடும்.

நம் பெயர்ச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். இன்ஷியல், அப்பா பெயர், குடும்பப் பெயரே இல்லாத பாஸ்போர்ட், இந்தக் கூத்தெல்லாம் இங்கே உள்ள படிவத்துக்குப் புரியாது. வங்கியில் உங்கள் பெயர் முன்னால், அப்பா பெயர் பின்னால், போன் கம்பெனியில் அதைத் திருப்பிப் போட்டு, வீட்டு ஒப்பந்தத்தில் சுருக்கி என்று மூன்று மாதிரி கொடுத்தால் ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு உண்டாகலாம், அல்லது அடுத்தவர் பாக்கி உங்கள் கோப்பில் வந்து விழலாம். ரெசிடன்ஸ் அட்டையில் எந்த வரிசையில் எந்த எழுத்தில் இருக்கிறதோ, அப்படியே எழுத்து மாறாமல் எல்லா இடத்திலும் கொடுங்கள்.

பிற்பாடு கார் கடன் என்று போகும்போது ஒரு சொல்லை ஞாபகம் வையுங்கள். நான்கு வங்கியில் வட்டி என்ன என்று விசாரிக்கும்போது "கான்டிட்சியோன்ஸ்அன்ஃப்ராகே" செய்யுங்கள் என்று கேளுங்கள், அது வெறும் விலை விசாரிப்பு, மதிப்பெண்ணைத் தொடாது. "கிரெடிட்அன்ஃப்ராகே" என்று பதிந்தால் அது கடனுக்கான விண்ணப்பம், ஒரே வாரத்தில் நாலு விழுந்தால் நன்றாக இருக்காது. மதிப்பெண் அருமையாக இருந்தும் வங்கி மறுக்கலாம், விசா இன்னும் ஒரு வருடத்தில் முடிகிறது என்றால் ஐந்து வருடக் கடன் தரத் தயங்குவார்கள், அது வங்கி தன் பக்கம் போடும் கணக்கு, அதற்கு ஷூஃபாவைத் திட்டிப் பயனில்லை. அப்போது "ஷூஃபா இல்லாமல் கடன்" என்று விளம்பரம் கண்ணில் படும். பல இடங்களில் முதலில் ஒரு கட்டணம் கட்டச் சொல்வார்கள், கடன் வராமலே போய்விடும்.

உங்கள் கூட வேலை செய்பவரின் போன் விஷயம்: வேண்டாம். கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். மாதம் 45 யூரோ, 24 மாதம் என்றால் 1,080 யூரோவுக்கு நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள், அவர் நல்லவராகவே இருக்கலாம், வேலை போய் ஊருக்குத் திரும்பிவிட்டால் பில் வருவது உங்கள் பெட்டிக்கு. அவருக்கு ஏன் அவர் பெயரில் கொடுக்கவில்லை என்பதையும் ஒரு நிமிடம் யோசியுங்கள், போனோடு சேர்ந்த ஒப்பந்தத்துக்குத்தான் போனிட்டேட் பார்க்கிறார்கள், ப்ரீபெய்டு சிம்முக்கு யாரும் பார்ப்பதில்லை. பாஸ்போர்ட்டோடு போனால் கடையிலேயே கொடுத்துவிடுவார்கள், அதை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மனசு கேட்கவில்லை என்றால் ஒரு நூறு யூரோவைக் கைமாற்றாகக் கொடுங்கள், போனால் அந்த நூறோடு போகும்.

ஒரு ஆறு மாதம் கழித்து உங்கள் கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அதற்குக் காசு கொடுக்க வேண்டாம், தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி நகல் இலவசம். ஷூஃபா இணையதளத்தில் 30 யூரோ பொத்தான்தான் பளிச்சென்று இருக்கும், "டாட்டன்கோப்பி" என்ற சொல்லைத் தேடுங்கள். அதை வீட்டுக்காரரிடம் கொடுக்காதீர்கள், எந்த வங்கி, எவ்வளவு கடன் என்று எல்லாம் அதில் இருக்கும், அது உங்களுக்கு மட்டும். தப்பான வரி இருந்தால் ஷூஃபாவுக்கும், அந்தத் தகவலைக் கொடுத்த கம்பெனிக்கும் இரண்டு பேருக்கும் எழுதுங்கள். நகல் தபாலில் வரலாம், அதனால் இன்றைக்கே கீழே இறங்கி உங்கள் தபால்பெட்டியில் யார் பெயர் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள், ஃபர்னிஷ்டு அறைகளில் பெரும்பாலும் உரிமையாளர் பெயர் மட்டும்தான் இருக்கும், உங்கள் பெயர் இல்லையென்றால் தபால்காரர் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்.